அண்ணியை மாற்றிவிட ஆளில்லை

நாத்தனார் அண்ணியைப் பற்றி எழுதினால் அதில் விஷம் இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள். இதிலும் இருக்கிறது. ஆனால் அது அண்ணிக்கு வைத்த விஷம் இல்லை.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு அவள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பள்ளிப்படிப்பு முடிந்திருந்தது. தான் வேலை பார்த்த தொழிற்சாலையில் என்னையும் சேர்த்துவிட்டவள் அவள்தான். பிறகு எனக்கும் கல்யாணமாகி, கட்டியவன் கைகழுவிவிட்டுப் போய், பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, "மாடி ரூம் சும்மாதானே கிடக்கு" என்று மட்டும் சொல்லிச் சாவியை நீட்டியவளும் அவள்தான். அண்ணன் அப்போது ஊர் என்ன சொல்லும் என்று யோசித்துக்கொண்டிருந்தான். இன்னும் யோசித்து முடித்தபாடில்லை.

எங்கள் தொழிற்சாலையில் துவைக்கும் இயந்திரங்களுக்குள் போகும் ஒயர்க் கொத்து செய்வோம். நீளமான பெல்ட் ஓடும், இரண்டு பக்கமும் பெண்கள். ஒருத்தி சிவப்பு ஒயரைச் செருகுவாள், அடுத்தவள் கறுப்பைச் செருகுவாள், அதற்கடுத்தவள் பிளாஸ்டிக் மூடியை அழுத்துவாள். பெல்ட் யாருக்காகவும் நிற்காது. ஒருத்தி எழுந்தால் அந்த நாற்காலியில் உடனே இன்னொருத்தி உட்கார்ந்தாக வேண்டும். அந்த இன்னொருத்திதான் அண்ணி. வேலையின் பெயர் ரிலீவர். வரிசையில் இருக்கும் அத்தனை பேருடைய வேலையும் கைக்குப் பழகியிருக்க வேண்டும். தனக்கென்று ஓர் இடம் கிடையாது.

வரிசைக்கு ஒரு சிவப்பு அட்டை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக், கயிற்றில் கோத்தது. அது கழுத்தில் இல்லாமல் கழிப்பறைப் பக்கம் நடமாடினால் சம்பளத்தில் பிடிப்பார்கள். அவசரம் வந்தவள் கையைத் தூக்குவாள். அண்ணி ஓடிவந்து தன் கழுத்திலிருக்கும் அட்டையைக் கழற்றி அவள் கழுத்தில் மாட்டிவிட்டு அவள் இடத்தில் உட்காருவாள். போனவள் வந்தால்தான் அட்டை வரும். அது வருவதற்குள் அந்தக் கோடியில் வேறொரு கை தூக்கியிருக்கும். இப்படி ஊரார் எல்லாருக்கும் வழிவிட்டு நிற்பவள் எப்போது போவது? ஒருமுறை அதை அவளே சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"சார், இவங்க எல்லாரும் போறப்ப நான் உக்கார்றேன். நான் போறப்ப யாரு உக்காருவாங்க?"

"உனக்கு என்னம்மா, நீ என்ன ஒரே இடத்துல கட்டிப் போட்ட மாதிரியா இருக்கே? நடுவுல நேரம் கிடைக்கிறப்ப போயிட்டு வா."

அந்த "நடுவுல" அவள் வேலையை விட்டு நிற்கும்வரை வரவே இல்லை. சாப்பாட்டு மணி அடித்தால் எல்லாரும் கழிப்பறைக்குத்தான் ஓடுவார்கள். அண்ணி வரிசையின் கடைசியில் நிற்பாள், மறுபடி மணி அடித்துவிடும். பாதி நாள் அப்படியே வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடுவாள்.

அட்டையோடு போகிறவள் சட்டென்று திரும்பி வர எங்களிடம் ஒரு வித்தை இருந்தது. யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருவது அண்ணி. ஒயர் செருகச் சொல்லித்தருவதற்கு முன்பே இதைச் சொல்லித்தந்துவிடுவாள். உட்கார்ந்ததும் மூச்சைப் பிடி, வயிற்றை இறுக்கு, கீழே தள்ளு. தானாக வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்காதே. நாலு தள்ளு தள்ளினால் காலி, எழுந்து வந்துவிடலாம். இதற்கு எங்கள் வரிசையில் எக்ஸ்பிரஸ் என்று பெயர். "எக்ஸ்பிரஸ்ல போயிட்டு வா, பாசஞ்சர் ஓட்டிக்கிட்டு நிக்காதே" என்று பின்னாலிருந்து குரல் வரும். புதுப்பெண்கள் முகம் சிவந்து சிரிப்பார்கள். வாரம் திரும்புவதற்குள் அவர்களும் எக்ஸ்பிரஸில் போய்க்கொண்டிருப்பார்கள்.

வீட்டிலும் அதே பாடம்தான். அண்ணியின் மகள் சின்னவளாக இருந்தபோது காலையில் கழிப்பறைக் கதவைத் தட்டித் தட்டி, "முக்குடி, முக்கிட்டு வா, ஸ்கூல் பஸ் போயிடும்" என்று அவள் கத்துவது மாடிவரை கேட்கும்.

தண்ணீர் குடித்தால்தானே தொல்லை என்று அண்ணி தண்ணீரையும் குறைத்துக்கொண்டாள். அதனால் மலச்சிக்கல் வந்தது, அதற்கும் முக்கினாள். பிறகு மாதப்போக்கு நிற்காமல் கொட்டி, கர்ப்பப்பையை எடுத்தார்கள். அது ஆறிக்கொண்டிருக்கும்போதே சர்க்கரை வந்து சேர்ந்தது. எதற்கும் அவள் நீண்ட லீவு எடுத்தவளில்லை. அவள் வராவிட்டால் வரிசையில் யாருக்கும் ஒண்ணுக்குப் போக வழியில்லையே.

வேலையை விட்டு நின்ற பிறகுதான் ஒழுக ஆரம்பித்தது என்று அண்ணன் சொல்வான். அவனுக்குத் தெரிந்தது அப்போதுதான் என்பதுதான் சரி. தும்மினால், இருமினால், ஒயர்ப் பெட்டியைத் தூக்கினால் ஈரமாகிவிடுகிறது என்று அண்ணி என்னிடம் பல வருஷம் முன்பே சொல்லியிருந்தாள். கறுப்பு நிற யூனிஃபார்ம் கொடுத்த புண்ணியவான் நன்றாக இருக்கட்டும் என்றும் சொல்வாள்.

அண்ணன் எடைமேடையில் லாரிகளை நிறுத்தி எடைபோடும் ஆள். நாளெல்லாம் டிரைவர்களோடு பேசிப்பேசி, எதையும் ஜோக்காக்காமல் விழுங்கத் தெரியாது. "உங்க அண்ணிக்கு வாஷர் தேஞ்சு போச்சு. பிளம்பரைக் கூப்பிடணும்" என்பான். வீட்டுக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். அண்ணியும் சிரிப்பாள், சிரிக்கும்போது காலை ஒன்றன்மேல் ஒன்று போட்டு இறுக்கிக்கொள்வாள். சிரித்தாலும் ஒழுகும் என்பது அவனுக்குத் தெரியுமா என்று நான் கேட்டதில்லை. தெரியும் என்று சொல்லிவிட்டால் அவனோடு ஒரே வீட்டில் இருக்க முடியாது.

மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருந்தார்கள். பஸ்ஸில் அரைநாள் பயணம். கல்யாணமான அடுத்த வருஷம் நாங்கள் மூவரும் போயிருந்தோம். சம்பந்தியம்மா வீட்டில் வெளிர்சாம்பல் நிறத்தில் புது சோபா. அதில் அண்ணியை நடுவில் உட்காரவைத்து எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம். அண்ணன் அவனுடைய லாரிக் கதைகளில் ஒன்றை எடுத்துவிட்டான். அறை முழுக்கச் சிரித்தது. அண்ணியும் சிரித்தாள். பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை. காபி வந்தது, பழத்தட்டு வந்தது, வீட்டைச் சுற்றிக்காட்ட சம்பந்தியம்மா கூப்பிட்டாள், கால் வலி என்று சொல்லி அண்ணி அங்கேயே இருந்தாள். கிளம்பும் நேரத்தில் எழுந்துதானே ஆக வேண்டும்.

சம்பந்தியம்மா அந்த ஈரத்தைப் பார்த்தாள். குனிந்து, அந்தக் குஷனை எடுத்துத் திருப்பிப் போட்டு, மேலே ஒரு தட்டுத் தட்டினாள். அவ்வளவுதான். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பதிலுக்குப் பதில் கொடுத்திருப்பேன்.

மகள் உண்டானாள். ஏழாவது மாதம் நடக்கும்போது ஒரு நாள் ஃபோன் வந்தது. அண்ணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்ததால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மா, பிரசவத்துக்கு நீ வர வேணாம்மா. இங்க மாமியார் பாத்துக்கறாங்க. உனக்கு எதுக்கு அலைச்சல்."

"அலைச்சல் என்னடி? பஸ்ஸுல உக்காந்தா வந்துடப் போறேன்."

"அது இல்லம்மா." மகள் குரலைத் தாழ்த்தினாள். "புள்ளையைத் தூக்கி மடியில வெச்சுக்கணும். ஆஸ்பத்திரி பெட்டு, இங்க வீடு... உனக்கே சங்கடமா இருக்கும். அதான் சொன்னேன்."

"சரிம்மா" என்றாள் அண்ணி.

அண்ணனின் சட்டைக் காலரை இரண்டு தடவை அழுத்தித் தேய்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "ஒழுகறதை நிறுத்த ஆபரேஷன் இருக்காமே, உனக்கு யாரையாவது தெரியுமா?" என்று கேட்டாள். பெற்ற மகள் பிரசவிக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், பேரக்குழந்தையை மடியில் வாங்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்கு முன்பு அவள் தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நாங்கள் போன மருத்துவமனையில் டாக்டர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். அவரை வில்லனாக்க எனக்கு ஆசைதான், ஆனால் அவர் அதற்கு இடம் கொடுக்கவில்லை. "சின்ன ஆபரேஷன்தாம்மா. மூத்திரம் வர்ற குழாய்க்கு அடியில ஒரு நாடா வெப்போம், தூளி மாதிரி. இருமினா தும்மினா அது குழாயைத் தாங்கிப் பிடிச்சுக்கும். முக்காவாசிப் பேருக்கு நல்லா கேக்குது" என்றார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறாளா என்று கேட்டார். சாப்பிடுகிறேன் என்றாள். சரி என்றார்.

ஒரு பரிசோதனை இருந்தது. நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி, அதற்குக் கீழே புனல், புனலுக்குக் கீழே ஒரு இயந்திரம். அதில் உட்கார்ந்து ஒண்ணுக்குப் போனால் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அது சொல்லிவிடும். பரிசோதனை செய்யும் பெண் கதவைச் சாத்தும்போது, "எப்பவும் வீட்டுல போற மாதிரியே போங்கம்மா" என்றாள்.

எப்பவும் போகிற மாதிரியே போனாள். உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தாள்.

"அதுக்குள்ளயா? நல்ல ஸ்பீடும்மா உங்களுக்கு" என்று அந்தப் பெண் சிரித்தாள். அண்ணியின் முகத்தில் பரீட்சை பாஸானவளின் களை. வெளியே வந்து என் காதில், "எக்ஸ்பிரஸ்" என்றாள். நானும் சிரித்தேன். எங்களுக்குத் தெரிந்த ஒரே முறையில் அவள் முதல் மார்க் வாங்கியிருந்தாள். டாக்டரும் அந்த வேகத்தைப் பார்த்துவிட்டு, "ஃப்ளோ நல்லா இருக்கு, பண்ணிடலாம்" என்றார். முக்கித்தான் போவீர்களா என்று அவர் கேட்கவில்லை. கேட்டால்தானே சொல்வதற்கு. உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள் என்றுதான் அண்ணி நினைத்திருந்தாள், நானும்தான்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் காலையில், மூத்திரம் போக வைத்திருந்த டியூபை எடுத்துவிட்டு, "ஒண்ணுக்குப் போயிட்டு வாங்க, போனதும் வீட்டுக்குக் கிளம்பலாம்" என்றாள் நர்ஸ். அண்ணி உள்ளே போனாள். நான் பையைக் கட்டி, செருப்பை எடுத்து வைத்து, ஆட்டோவுக்கும் சொல்லிவிட்டேன். அவள் வரவில்லை. கதவைத் தட்டியதும் திறந்தாள். முகம் செக்கச்செவேல் என்று இருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை.

"வரலைடி. எவ்வளவு தள்ளினாலும் வரலை."

"இன்னும் கொஞ்சம் முக்கிப் பாருங்கம்மா" என்றாள் நர்ஸ்.

முக்கினாள். அன்று முழுக்க முக்கினாள். நாலு சொட்டு விழுந்தது. அடிவயிறு கல்லாகிவிட்டது. ஸ்கேன் வைத்துப் பார்த்தால் மூத்திரப் பை நிறைய அப்படியே இருக்கிறது. மறுபடி டியூபைப் போட்டு, காலில் ஒரு பையைக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வாரம் டியூபை எடுத்தார்கள், வரவில்லை, திரும்பப் போட்டார்கள். அதற்கடுத்த வாரமும் அதே கதை. டாக்டர், "சிலருக்கு இப்படி ஆகறதுதான். நீங்க பயத்துல இறுக்கிக்கறீங்க. ரிலாக்ஸா முக்குங்க" என்றார். ரிலாக்ஸாக எப்படி முக்குவது என்று அவரே ஒருமுறை செய்து காட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வீட்டில் அண்ணன் தன் பங்கைச் செய்தான். "முன்னாடி மூட மாட்டேன்னுச்சு, இப்ப திறக்க மாட்டேங்குது. கம்பெனிக்காரனே வந்தாத்தான் சரியாகும்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவனுக்குக் கொண்டுபோன காபியைத் தொட்டியில் ஊற்றிவிட்டு வந்தேன். காபி எங்கே என்று கேட்டான். "திறக்க மாட்டேங்குது" என்றேன். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. நிம்மதியாக இருந்தது.

வேறொரு மருத்துவமனையில் இதற்கென்றே ஒரு டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டு அண்ணியை அங்கே கூட்டிப் போனேன். அவர் எந்த இயந்திரத்தையும் கேட்கவில்லை. அண்ணியை உட்காரவைத்து, அவள் வயிற்றின்மேல் தன் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "போங்க பாக்கலாம்" என்றார். அண்ணி மூச்சைப் பிடித்தாள். டாக்டரம்மாவின் கை அப்படியே மேலே எழும்பியது.

"எப்பவுமே இப்படித்தான் போவீங்களா? ஆபரேஷனுக்கு முன்னாடியும்?"

"ஆமாம்மா. இப்படித்தானே போகணும்?"

"முக்காம, சும்மா உக்காந்திருந்தா தானா வருமா?"

அண்ணி யோசித்தாள். "சும்மா உக்காந்து பாத்ததில்லம்மா."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். சர்க்கரை எத்தனை வருஷமாக, கர்ப்பப்பை இருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா, முன்னாடியே விட்டு விட்டுத்தான் போகுமா, போய் வந்த பிறகும் மிச்சம் இருக்கிற மாதிரி தோன்றுமா, வேலையில் எவ்வளவு நேரம் அடக்குவீர்கள். ஒவ்வொன்றுக்கும் அண்ணி பதில் சொல்லிக்கொண்டே வந்தாள். இதில் ஒன்றுகூட ரகசியம் இல்லை. யார் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள்.

"அந்த நாடா என்ன பண்ணும்னா, வயித்துல அழுத்தம் வர்றப்ப குழாயைத் தாங்கி அடைச்சுக்கும். அதுக்குத்தான் அதை வெக்கறது. இருமினாலும் அழுத்தம்தான், முக்கினாலும் அழுத்தம்தான், நாடாவுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்க எவ்வளவு முக்கறீங்களோ அவ்வளவு இறுக்கி அடைக்கும். மத்தவங்களுக்கு மூத்திரப் பை தானா சுருங்கித் தள்ளும், அதனால சிக்கல் இல்ல. உங்களுது வருஷக்கணக்கா அடக்கி அடக்கி விரிஞ்சு போய் கிடக்கு. சர்க்கரை அதோட நரம்பையும் மழுங்க வெச்சிருக்கு. இவ்வளவு நாள் அது வேலையே செய்யல, உங்க வயிறுதான் செஞ்சுது."

"டெஸ்ட்டுல ஸ்பீடு நல்லா இருக்குன்னாங்களே?" என்றேன்.

"அது வயித்தோட ஸ்பீடு. பையோட ஸ்பீடு இல்ல." அவர் பெருமூச்சு விட்டார். "இதெல்லாம் ஒண்ணொண்ணா இருந்தா பெருசா பயப்பட வேண்டாம். வயசு, சர்க்கரை, முன்னாடி பண்ணின ஆபரேஷன், முக்கிப் போற பழக்கம், எல்லாம் ஒரே ஆள்கிட்ட சேர்ந்திருந்தா முதல்லயே உக்கார வெச்சுப் பேசியிருக்கணும். உங்களுக்கு அப்புறம் போகாம நின்னுடலாம், கொஞ்ச நாளோ ரொம்ப நாளோ டியூப் வேண்டியிருக்கும், அது சம்மதம்னா பண்ணிக்குங்கன்னு." பிறகு அண்ணியைப் பார்த்து, "இப்படிப் போகணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தாங்க?" என்று கேட்டார்.

"எனக்கு யாரும் சொல்லித்தரலம்மா. நான்தான் எல்லாருக்கும் சொல்லிக் குடுத்தேன்" என்றாள் அண்ணி.

நானும் அவளிடம் கற்றுக்கொண்டவள்தான். எங்கள் வரிசையில் இன்னும் எத்தனை பேர் வயிற்றை இறுக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறார்களோ.

வீட்டில் பழகிப் பார்க்கச் சொன்னார்கள். தண்ணீர்க் குழாயைச் சன்னமாகத் திறந்துவிட்டு, காலை நன்றாக ஊன்றி, மூச்சை விட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டும். தள்ளக் கூடாது. வந்தால் வரட்டும். அண்ணி உட்கார்ந்தாள். துவைக்காத துணி ஞாபகம் வரும், அடுப்பு ஞாபகம் வரும், யாரோ கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கும், அவளையறியாமல் வயிறு இறுகிவிடும். "என்னால முடியலைடி. வேலை இல்லாம உக்காந்தா எனக்குப் படபடன்னு வருது" என்பாள். வரிசையில் எல்லார் வேலையும் தெரிந்தவளுக்கு இது ஒன்று மட்டும் வரவில்லை.

கடைசியில் டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். நாடாவை நடுவில் வெட்டிவிடலாம், சின்ன வேலைதான். வெட்டினால் ஓரளவு போக வாய்ப்பு உண்டு, ஆனால் பை பலவீனமாக இருப்பதால் உறுதி சொல்ல முடியாது. இல்லாவிட்டால் விரல் நீளத்தில் மெல்லிய டியூப் இருக்கிறது, அவளே கண்ணாடி பார்த்து உள்ளே செலுத்தி சிறுநீரை எடுத்துவிட்டு டியூபையும் எடுத்துவிடலாம்; நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை, பை ரொம்ப நிறைய விடாமல்.

"வெட்டினா திரும்ப ஒழுகுமாம்மா?"

"எல்லாருக்கும் ஒழுகறதில்ல. சிலருக்கு ஒழுகும்."

"இப்ப ஒழுகல இல்ல?"

"இப்ப ஒழுகல."

"அப்ப டியூபே இருக்கட்டும். மகளுக்குப் பிரசவம் வருது. அது முடிஞ்சதும் வந்து வெட்டிக்கறேன்."

"வெட்டறதா இருந்தா சீக்கிரம் வெட்டணும்மா. தள்ளிப் போடப் போட பை இன்னும் கெட்டுப் போகும். அப்புறம் வெட்டியும் பிரயோஜனம் இருக்காது."

"கொஞ்ச நாள்தானே" என்றாள் அண்ணி. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கெஞ்சினேன், கத்தினேன். "எத்தனை வருஷம் அடக்கியிருக்கேன், இது பெரிய விஷயமா" என்று சொல்லிவிட்டாள்.

சோப்பு, சின்னக் கண்ணாடி, டியூப் எல்லாம் அண்ணனின் பழைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் அடங்கிவிட்டன. அதைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் மகளுக்கு ஃபோன் செய்தாள்.

"ஆபரேஷன் பண்ணிக்கிட்டேம்மா. இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. ஒரு சொட்டு ஒழுகறதில்ல."

"நெசமாவாம்மா?" மகளின் குரலில் சந்தோஷம்தான். "அப்ப வா."

அந்த "அப்ப" எனக்குச் சுருக்கென்று பட்டது. அண்ணிக்கு அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. டியூபைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா என்னையும் அந்தக் குஷன் மாதிரி திருப்பிப் போட்டுடுவாங்க" என்றாள்.

பிரசவம் சொன்ன தேதிக்குப் பிந்தியே நடந்தது. டாக்டரம்மாவின் "சீக்கிரம்" எப்போதோ போய்விட்டிருந்தது. அண்ணியும் நானும் போய்ச் சேர்ந்தபோது மகளுக்கு வலி ஆரம்பித்திருந்தது. மறுநாள் காலையில் பெண் குழந்தை. அண்ணி மடியில் வாங்கிக்கொண்டாள். மடி காய்ந்துதான் இருந்தது. சம்பந்தியம்மா ஒரு பார்வை பார்த்ததை நான் பார்த்தேன்.

அது பத்துப் பன்னிரண்டு கட்டில் போட்ட பொது வார்டு. கடைசியில் ஒரே ஒரு கழிப்பறை, எங்கள் கட்டிலுக்கு நேர் எதிரில். பிரசவமானவள் ஒண்ணுக்குப் போன பிறகுதான் அடுத்த வேலை என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனாள். மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். அண்ணி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவருகில் நின்றாள்.

உள்ளேயிருந்து மகள் மூச்சைப் பிடிக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்கள் இருவருக்கும் நன்றாகத் தெரிந்த சத்தம்.

"முக்காதே" என்றாள் அண்ணி.

"வர மாட்டேங்குதும்மா. நர்ஸ் கேக்கறாங்க."

"கேக்கட்டும். முக்காதே. காலை நல்லா ஊனிக்கோ. மூச்சை விடு. சும்மா உக்காரு."

பின்னால் இரண்டு மூன்று பேர் வந்து நின்றார்கள். ஒருத்தி கதவைத் தட்டக் கையை எடுத்தாள். அண்ணி கையை நீட்டி அவளைத் தடுத்தாள். "பச்சை உடம்பு. கொஞ்சம் பொறுங்கம்மா." குழந்தை சிணுங்கியது. அண்ணி கால் மாற்றி நின்றாள், இன்னொரு தடவை மாற்றினாள். காலையிலிருந்து குழந்தையைக் கீழே விடாமல் அவள் கைப்பையிலிருந்த மூக்குக்கண்ணாடிப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் உதடு வெளுத்திருந்தது.

"அண்ணி, புள்ளையை என்கிட்ட குடுங்க. கீழ்மாடியில வேற பாத்ரூம் இருக்கும், போயிட்டு வாங்க."

"இவ வரட்டும். நான் நகந்தா இவ முக்குவா."

ரொம்ப நேரம் கழித்து உள்ளே சத்தம் கேட்டது. முதலில் மெலிந்து, பிறகு விடாமல். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டாள். ஒருத்தி ஒண்ணுக்குப் போவதை அவ்வளவு ஆசையாகக் கேட்டவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

மகள் வெளியே வந்தாள். "ஆச்சும்மா. சின்ன வயசுல முக்கு முக்குன்னு கதவைத் தட்டுவே, இப்ப முக்காதேங்கறே. என்ன கணக்கோ."

"அப்ப தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்றாள் அண்ணி.

அதோடு சரி. மகள் அதற்குமேல் கேட்கவில்லை. அண்ணி குழந்தையை அவள் பக்கத்தில் கிடத்திவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு, நின்றிருந்த பெண்களிடம், "ஒரு நிமிஷம், நான் போயிட்டு வந்துடறேன்" என்று கிட்டத்தட்டக் கும்பிட்டுவிட்டு உள்ளே போய்த் தாழ் போட்டாள்.

ஒரு நிமிஷத்தில் ஆகிற காரியமில்லை அது. கையை நன்றாகக் கழுவ வேண்டும், கண்ணாடியை நிறுத்த வேண்டும், இடம் பார்க்க வேண்டும், அவசரப்பட்டால் ரத்தம் வரும். வெளியில் இருந்தவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். சம்பந்தியம்மா கட்டிலிலிருந்து எழுந்து வந்து, என்னைத் தாண்டிக் கையை நீட்டி, இரண்டு விரலால் கதவைத் தட்டினாள். "சம்பந்தி, ஆச்சுங்களா?"

மகள் கட்டிலில் இருந்தபடி என்னைக் கூப்பிட்டாள்.

"அத்தை, அம்மாவைச் சீக்கிரம் வரச் சொல்லுங்க. எல்லாரும் நிக்கிறாங்க, எனக்கு மானம் போகுது."

நான் கதவில் முதுகைக் கொடுத்துச் சாய்ந்து நின்றுகொண்டேன். இனி யாராவது தட்டுவதென்றால் என்னைத்தான் தட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. மகள் முகத்தில் ஒரு நிம்மதி. அவளுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அது குழாய்த் தண்ணீர். அண்ணி இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தாள்.